கோடு போட்டு அடிச்ச வரிகள்: ‘ஷாட்டர் மீ’ தொடரை எப்படிப் படிக்கலாம்?

வாட்ஸ்அப்ல ஒரு சொல்லுக்கு முன்னாடியும் பின்னாடியும் ~ இந்த அலைக்குறியைப் போட்டு அனுப்பிப் பாருங்க. அந்தச் சொல்லுக்கு நடுவுல ஒரு கோடு விழும். நம்மள்ல முக்கால்வாசிப் பேர் அதைக் கலாய்க்கிறதுக்குத்தான் பயன்படுத்துறோம். “~அசைன்மென்ட் முடிச்சிட்டேன்~ நாளைக்குத் தர்றேன்” மாதிரி. சொன்னதும் தெரியணும், சொன்னதை அடிச்சதும் தெரியணும். அதுதான் அந்தக் கோட்டோட வேலை.

இந்த ஒரு கோட்டை வெச்சு ஒரு பொண்ணோட மனசு முழுக்கக் காட்ட முடியுமா? 2011 நவம்பர்ல வந்த ‘ஷாட்டர் மீ’ நாவல் அதைத்தான் செஞ்சு பார்த்தது. எழுதினவங்க தாஹிரே மாஃபி. ஈரானியப் பெற்றோருக்கு அமெரிக்காவுல பிறந்தவங்க. இது அவங்களோட முதல் நாவல், அது வந்தப்ப அவங்களுக்கு வயசு 23. இன்னிக்கு அது ஆறு நாவல், அஞ்சு குறுநாவல், அதுக்கு அப்புறம் ஒரு புதுத் தொடர்னு வளர்ந்து நிக்குது. இன்ஸ்டால புத்தக ரீல்ஸ் பக்கம் அடிக்கடி போறவங்களா இருந்தா, அட்டையில ஒரு பெரிய கண்ணு மட்டும் இருக்கிற புத்தகம் கண்ணுல பட்டிருக்கும். அதேதான்.

ரீல்ஸ்ல இந்தத் தொடரைப் பத்திப் பேசுறப்ப, “ஆடமா, வார்னரா?” அப்படிங்கிற கேள்வியோட முடிச்சிடுறாங்க. பார்க்கிறவங்களும் “சரி, இன்னொரு முக்கோணக் காதல்” அப்படின்னு தள்ளிட்டுப் போயிடுறாங்க. காதல் இருக்கு, நிறையவே இருக்கு. ஆனா அதுக்கு அடியில ஒரு கேள்வி ஓடுது: ஒருத்தர்கிட்ட இருக்கிற சக்தி ஆபத்தானதுன்னு முடிவு பண்றது யாரு? அந்தக் கேள்வி கதையில மட்டும் இல்ல, எழுத்து நடையிலயே எப்படி வேலை செய்யுதுன்னு பார்க்கலாம்.

ஸ்பாய்லர் எச்சரிக்கை: முதல் மூணு நாவலோட கதை இதுல வரும். அதுக்கு அப்புறம் வர்ற பெரிய திருப்பங்களை உடைக்க மாட்டேன்.

கதை, சுருக்கமா

ஜூலியட் ஃபெரர்ஸுக்கு 17 வயசு. அவ தோல் மேல யாரோட தோல் பட்டாலும் பட்டவங்களுக்குத் தாங்க முடியாத வலி. தொட்டுக்கிட்டே இருந்தா உயிர் போயிடும். ஏன் இப்படின்னு அவளுக்கே தெரியாது. ஒருநாள் மளிகைக் கடையில கீழ விழுந்த ஒரு சின்னப் பையனைத் தூக்கிவிடப் போறா. உதவி பண்ணத்தான் போனா. பையன் செத்துப் போறான். பெத்தவங்களும் அவளைக் கைகழுவிடுறாங்க. கதை தொடங்குறப்ப அவ ஒரு மனநலக் காப்பகத்துல, தனி அறையில, 264 நாளா அடைஞ்சு கிடக்கிறா.

வெளிய உலகமும் சரியில்ல. பருவநிலை கெட்டுப் போச்சு, பறவைங்க பறக்கிறதில்ல, சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. “எல்லாத்தையும் நாங்க சரி பண்றோம்” அப்படின்னு சொல்லி ‘ரீஎஸ்டாப்ளிஷ்மென்ட்’ங்கிற அமைப்பு ஆட்சியைப் பிடிச்சிடுது. நிலத்தை எல்லாம் செக்டார் செக்டாராப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் ராணுவ ஆள் ஒருத்தரைப் போட்டிருக்கு. செக்டார் 45-க்குத் தலைவன் வார்னர், வயசு 19. அவன் அப்பா ஆண்டர்சன் அவனுக்கும் மேல இருக்கிற ஆள்.

திடீர்னு ஒருநாள் ஜூலியட்டோட அறைக்கு ஆடம்னு ஒரு பையனைக் கூட்டிட்டு வந்து விடுறாங்க. அவன் உண்மையில படைவீரன், அவளைக் கண்காணிக்க வந்தவன். ஆனா அவனால அவளைத் தொட முடியுது, அவனுக்கு ஒண்ணும் ஆகல. வார்னர் அவளை வெளிய எடுக்கிறான், விடுதலை பண்றதுக்கு இல்ல, ஆயுதமா வெச்சுக்க. அங்கிருந்து அவ ஆடமோட தப்பிச்சு, ‘ஒமேகா பாயிண்ட்’ங்கிற தலைமறைவு எதிர்ப்புக் குழுகிட்ட போய்ச் சேர்றா. அங்க பார்த்தா, அவளை மாதிரியே விதவிதமான சக்தியோட ஒரு கூட்டமே இருக்கு.

‘ஹங்கர் கேம்ஸ்’ 2008-ல வந்து கதவைத் திறந்துவிட்டிருந்தது, ‘டைவர்ஜென்ட்’ 2011-ல அதே வருஷம் வந்தது. அந்த வரிசையில வெச்சுப் பார்த்தா இதுவும் பழகின சட்டகம்தான்: கெட்ட அரசாங்கம், சின்ன வயசு நாயகி, புரட்சி. வித்தியாசம் எங்க வருதுன்னா, சொல்ற விதத்துல.

கோடும் எண்ணும்

ஜூலியட்கிட்ட ஒரு சின்ன நோட்டும் ஒரு உடைஞ்ச பேனாவும்தான் இருக்கு. முதல் புத்தகத்துல அவ சொல்ற கதை முழுக்க, வரிகளுக்கு நடுவுல கோடு போட்டு அடிச்ச சொற்களும் வாக்கியங்களும் வந்துக்கிட்டே இருக்கும். அச்சுப் பிழை இல்ல. அடிச்சது அப்படியே படிக்கத் தெரியுற மாதிரிதான் அச்சாகியிருக்கும்.

இது எப்படி வேலை செய்யுதுன்னு புரியணும்னா நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு பாருங்க. இது நாவல்ல வர்றது இல்ல, நான் போட்டது. ப்ளேஸ்மென்ட் இன்டர்வியூ முடிஞ்சதும் வீட்டுல இருந்து மெசேஜ் வருது, “எப்படிப்பா போச்சு?” நீங்க பதில் அடிக்கிறீங்க:

~ரெண்டாவது ரவுண்டுலயே வெளிய அனுப்பிட்டாங்க~ ~காலையில இருந்து சாப்பிடல~ நல்லாப் போச்சும்மா.

கடைசி ரெண்டு சொல் மட்டும் அங்க போய்ச் சேருது. ஆனா இந்தக் கட்டுரையைப் படிக்கிற உங்களுக்கு மொத்தமும் தெரியுது. அம்மாவுக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரியும். அந்த இடைவெளியிலதான் அந்த ஆளோட நிலைமை உங்களுக்கு உறைக்குது. ‘அவன் சோகமா இருந்தான்’ அப்படின்னு யாரும் சொல்ல வேண்டிய தேவையே வரல.

ஜூலியட் இதைத் தன்கிட்டயே செய்யுறா. அவ எழுதுறதை யாரும் படிக்கப் போறதில்லன்னு அவளுக்குத் தெரியும். அப்படி இருந்தும் அடிக்கிறா. உண்மையை எழுதிட்டு, அதை அடிச்சுட்டு, கொஞ்சம் பாதுகாப்பான ஒரு வரியைப் பக்கத்துல எழுதுறா. ஆசைப்பட்டதை எழுதிட்டு, ஆசைப்பட உரிமை இல்லன்னு அடிச்சுடுறா. தன்னைப் பத்தி மத்தவங்க சொன்ன மோசமான பெயர்களை எழுதிட்டு, அதையும் அடிக்கிறா. சென்சார் பண்ண வெளிய இருந்து யாரும் வரத் தேவையில்ல. அவளுக்குள்ளயே ஒரு ஆள் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்க்குறான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களுக்கு இன்னும் சுலபமாச் சொல்லணும்னா, இது கிட் ஹிஸ்டரி மாதிரி. கடைசி வெர்ஷனை மட்டும் பார்த்தா எல்லாம் சுத்தமா இருக்கும். பழைய கமிட் எல்லாத்தையும் திறந்து பார்த்தாத்தான் அந்த ஆள் எங்க தடுமாறினான், எதை மறைச்சான்னு தெரியும்.

அடுத்தது எண்கள். ஜூலியட் எதையும் எண்ணிக்கிட்டே இருப்பா. அறையோட பரப்பு 144 சதுர அடி. 264 நாள்னா 6336 மணி நேரம், அவ இன்னொரு மனுஷரைத் தொட்டு அத்தனை மணி நேரம் ஆச்சு. இந்த எண்களை எழுத்தால எழுதாம இலக்கமாத்தான் போட்டிருப்பாங்க, ஒண்ணு ரெண்டு மாதிரி சின்ன எண்களைக் கூட. வழக்கமா ஆங்கில நாவல்கள்ல அப்படி எழுத மாட்டாங்க, அதனால கண்ணுல குத்தும். குத்தணும்னுதான் அப்படி. மனசு கட்டுப்பாட்டுல இல்லாதப்ப எண்ணுறது ஒரு பிடி. 12-ஐ 12-ஆல பெருக்கினா எப்பவும் 144-தான், அது காலை வாராது. வைவாவுக்கு வெளிய நிக்கிறப்ப தரையில இருக்கிற டைல்ஸை எண்ணினவங்களுக்கு இதை விளக்கவே வேணாம்.

மூணாவது, ஒரே சொல்லை நடுவுல காற்புள்ளி இல்லாம அடுத்தடுத்து அடுக்குறது. மூச்சு விடாமப் பேசுற மாதிரி. பயம் ஏறுற இடத்துலயும் ஆசை ஏறுற இடத்துலயும் இது வரும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்தக் கோடுகள் தொடர் முழுக்க ஒரே அளவுல வர்றதில்ல. முதல் புத்தகமான ‘ஷாட்டர் மீ’யில நிறைய. ரெண்டாவதான ‘அன்ராவல் மீ’யில (2013) குறையுது. மூணாவதான ‘இக்னைட் மீ’யில (2014) கிட்டத்தட்டக் காணாமலே போயிடுது. எண்கள் மேல இருந்த அந்த வெறியும் அடங்கிடுது. நடை நேராகுது, வாக்கியம் உறுதியாகுது. ‘அவ தைரியசாலி ஆயிட்டா’ அப்படிங்கிறதை வசனத்துல தேடாம, பக்கத்துல எத்தனை கோடு இருக்குன்னு பார்த்தே கண்டுபிடிச்சிடலாம். முதல் புத்தகத்தை ஒரு பக்கமும் மூணாவதை ஒரு பக்கமும் திறந்து வெச்சுப் பாருங்க, ரெண்டு பேர் எழுதின மாதிரி இருக்கும்.

இதுக்கு நடுவுல 2012-ல ‘டெஸ்ட்ராய் மீ’ங்கிற குறுநாவல் வந்தது. வார்னர் சொல்ற கதை. அவன் நடையில கோடு கிடையாது, எல்லாம் ஒழுங்கா அடுக்கி வெச்ச வாக்கியங்கள். அதுல என்ன நடக்குதுன்னா, ஜூலியட்டோட அந்த நோட்டு வார்னர் கைக்குப் போயிடுது. யாரும் படிக்கப் போறதில்லன்னு அவ எழுதினதை அவளோட எதிரி வரி வரியாப் படிக்கிறான். அது வரைக்கும் நமக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு பொண்ணு, திடீர்னு இன்னொருத்தனுக்கும் தெரிஞ்சுடுறா. அந்தக் குறுநாவலைப் படிக்காம ரெண்டாவது நாவலுக்குத் தாவுறவங்களுக்கு வார்னர் ஏன் மாறுறான்னே புரியாது.

ஆபத்துன்னு யார் சொன்னது?

ஹை வோல்டேஜ் லைன் ஒண்ணு போகுதுன்னு வெச்சுக்கோங்க. அதைக் கையாள மூணு வழி இருக்கு. சுத்தி இன்சுலேஷன் போட்டு யாரும் கிட்டப் போகாம வேலி கட்டலாம். எடுத்துட்டுப் போய் நமக்கு வேண்டிய மெஷின்ல கனெக்‌ஷன் கொடுக்கலாம். இல்லன்னா, ஒழுங்கா ஒரு ஸ்விட்ச் வைக்கலாம். ஜூலியட்டை மத்தவங்க நடத்துற விதமும் இந்த மூணுக்குள்ள அடங்கிடும்.

முதல்ல இன்சுலேஷன். பெத்தவங்க, டாக்டருங்க, காப்பகம் எல்லாரும் செஞ்சது அதைத்தான். யாரையும் தொடாதே, கிட்ட வராதே, அறையிலயே இரு. இதுல கொடுமை என்னன்னா, வேலி கட்டினவங்க யாரும் “ஏன் இப்படி ஆகுது, எப்பப் பாயுது, எப்ப நிக்குது?” அப்படின்னு ஒரு கேள்வி கூடக் கேட்கல. விசாரிக்காமலே தீர்ப்பு. கடைசியில அவளே அந்தத் தீர்ப்பை நம்பிடுறா. நோட்டுல விழுற கோடு எல்லாம் அந்த நம்பிக்கையில இருந்து வர்றதுதான்.

ரெண்டாவது கனெக்‌ஷன். இங்கதான் வார்னர் வர்றான். அவளுக்கு நல்ல அறை, நல்ல உடை, நல்ல சாப்பாடு. “நீ அசிங்கம் இல்ல, நீ அபூர்வம்” அப்படிங்கிற தொனியில பேச்சு. வாழ்க்கையில அவளை முதல் தடவையா ஒருத்தன் பெருமையாப் பார்க்குறான். ஆனா அவன் செய்யுறது என்ன? படைவீரங்க முன்னாடி, அவங்கள்ல ஒருத்தனை அவளைத் தொடவெச்சு, அவன் துடிக்கிறதை எல்லாருக்கும் காட்டுறான். பாராட்டோட பின்னாடியே சங்கிலி வருது. திட்டுறவனை அடையாளம் கண்டுக்கிறது சுலபம். உங்க திறமையைத் தலையில தூக்கி வெச்சு ஆடிட்டு, அதை எங்க எப்பப் பயன்படுத்தணும்னு மட்டும் தானே முடிவு பண்றவனை அடையாளம் காணுறது கஷ்டம்.

ஒமேகா பாயிண்ட் நல்லவங்க கூட்டம்தான். அதோட தலைவர் காசில் பொறுமையானவர். ஆனா அங்கேயும் அவ வந்ததுமே எல்லாருக்கும் ஒரு கணக்கு ஓடுது: இவளைப் போர்ல எப்படிப் பயன்படுத்தலாம்? நல்ல நோக்கத்துக்காகக் கொடுத்தாலும் கனெக்‌ஷன் கனெக்‌ஷன்தானே. ரெண்டாவது புத்தகத்துல அவளுக்குப் பயிற்சி ஓடவே மாட்டேங்குது, ஒதுங்கி உட்கார்ந்து அழுறா. நிறைய வாசகருக்கு இந்த இடம் எரிச்சல். அப்ப கெஞ்சி அவளை யாரும் தேத்தல. கூட இருக்கிற கென்ஜி நல்லா நாலு கேள்வி கேட்டு விடுறான். உன்னோட சோகம் மட்டும்தான் உலகத்துல இருக்கா, இங்க இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கதை இருக்கேங்கிற மாதிரி. தொடர்லயே நல்ல நட்பு எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன். காதலர்கள் ரெண்டு பேரும் அவளைப் பார்த்து உருகுறப்ப, இவன் ஒருத்தன்தான் அவளைச் சக மனுஷியா நடத்துறான்.

மூணாவது ஸ்விட்ச். ‘இக்னைட் மீ’யில ஜூலியட் தன் சக்தியை வேணுங்கிறப்பப் போடவும் வேணாங்கிறப்ப அணைக்கவும் கத்துக்கிறா. தொட்டா யாருக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கவும் அவளால முடியும், அவ நினைச்சா. கவனிச்சீங்களா? சக்தி குறையல. உண்மையில முதல் புத்தகத்தை விட அதிகமாத்தான் இருக்கு. ஆனா சுத்தி இருக்கிறவங்களுக்கு அவ இப்பத்தான் பாதுகாப்பானவ. அப்ப ஆபத்து சக்தியோட அளவுல இருந்து வந்தது இல்ல. ஸ்விட்ச் யார் கையிலயும் இல்லாம இருந்ததுல இருந்தும், அப்புறம் தப்பான ஆள் கையில இருந்ததுல இருந்தும் வந்தது.

ஸ்விட்ச் கைக்கு வர்ற அதே புத்தகத்துல நோட்டுல கோடு மறையுது. ரெண்டும் ஒண்ணா நடக்குறது தற்செயல் இல்ல. அடுத்தவங்க தீர்ப்பை நம்புறதை நிறுத்தினவளுக்குத் தன் வாக்கியத்தை அடிக்க வேண்டிய அவசியம் இல்ல.

பழைய கதை, புது குரல்

தொட்டா சாகடிக்கிற பொண்ணு புதுக் கற்பனை கிடையாது. விசாகதத்தர் எழுதின சமஸ்கிருத நாடகம் ‘முத்ராராட்சசம்’. அதுல சந்திரகுப்தனைக் கொல்ல ஒரு விஷகன்னியை அனுப்புறாங்க. சாணக்கியர் அவளைத் திருப்பி விட்டு, பர்வதகன்ங்கிற ராஜாவைச் சாகடிச்சிடுறார். ரெண்டு பக்கமும் அவ ஆயுதம்தான். அவளுக்கு ஒரு வசனம் கூடக் கிடையாது, மேடைக்கே வர்றதில்ல. நடந்து முடிஞ்ச சேதியா மத்தவங்க பேச்சுல மட்டும் வந்து போறா.

1844-ல அமெரிக்க எழுத்தாளர் நத்தானியல் ஹாதோர்ன் ‘ராப்பச்சினியின் மகள்’ங்கிற சிறுகதையை எழுதினார். அப்பா ஒரு விஞ்ஞானி, விஷச் செடிகள் நிறைஞ்ச தோட்டத்துல பொண்ணை வளர்க்கிறார், அவளே விஷமாயிடுறா. காதலிக்கிற பையன் அவளைச் ‘சரி பண்ண’ மாற்று மருந்து கொடுக்கிறான். அதைக் குடிச்சு அவ செத்துப் போறா. கதை பெரும்பாலும் அந்தப் பையனோட கண்ணு வழியாத்தான் போகும். 1981-ல மார்வெல் காமிக்ஸ்ல ரோக் வந்தா. தொட்டா எதிராளியோட சக்தியையும் நினைவையும் உறிஞ்சிடுவா. ‘எக்ஸ்-மென்’ படங்கள் பார்த்தவங்களுக்கு அந்தக் கையுறை ஞாபகம் இருக்கும். ‘ஷாட்டர் மீ’ வந்து ரெண்டு வருஷம் கழிச்சு, 2013-ல, ‘ஃப்ரோசன்’ படத்துல எல்சாவும் கையுறை போட்டுக்கிட்டு மூடின கதவுக்குப் பின்னாடி வளர்ந்தா.

இந்த வரிசையில ஜூலியட்டோட இடம் என்னன்னா, அவ கையில பேனா இருக்கு. விஷகன்னியைப் பத்தி மத்தவங்க பேசினாங்க. ராப்பச்சினியோட பொண்ணை மத்தவங்க பார்த்தாங்க. ஜூலியட் தானே எழுதுறா. அடிச்சு அடிச்சு எழுதினாலும் எழுதுறா. ரீஎஸ்டாப்ளிஷ்மென்ட் பழைய புத்தகங்களையும் மொழிகளையும் இல்லாமப் பண்ணத் திட்டம் போடுற உலகத்துல, ஒளிச்சு வெச்ச ஒரு நோட்டுங்கிறது சின்ன விஷயம் இல்ல.

மாஃபி ஹிஜாப் அணியும் முஸ்லிம் பெண். 2018-ல அவங்க எழுதின ‘எ வெரி லார்ஜ் எக்ஸ்பேன்ஸ் ஆஃப் சீ’ நாவல்ல சக்தி, புரட்சி எதுவும் கிடையாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அடுத்த வருஷம், அமெரிக்கப் பள்ளியில படிக்கிற 16 வயசு முஸ்லிம் பொண்ணோட கதை. அவ யாரையும் ஒண்ணும் பண்ணல. பார்த்த உடனே ஆபத்துன்னு முடிவு பண்ணிடுறாங்க. அமெரிக்காவோட நேஷனல் புக் அவார்ட் நெடும்பட்டியல்ல அந்த நாவல் இடம் பிடிச்சது. அதைப் படிச்சிட்டு ‘ஷாட்டர் மீ’க்குத் திரும்பினா, ஜூலியட்டோட அறை கொஞ்சம் வேற மாதிரி தெரியும். இது என் வாசிப்பு. உங்களுக்கு வேற தோணலாம்.

எங்க சறுக்குது?

புகழ்ந்துட்டே போனா நம்ப மாட்டீங்க, நம்பவும் கூடாது. முதல் புத்தகத்துல உவமை ரொம்ப ஓவர். ஒரு பக்கத்துக்குள்ள இதயம் உருகி, உடைஞ்சு, பறந்து, மறுபடி உருகும். அடைபட்ட மனசு அப்படித்தான் பேசும்னு வாதாடலாம், ஆனா சில இடத்துல அது நடையா இல்லாமப் பழக்கமா மட்டும் தெரியுது.

உலகக் கட்டமைப்பும் மெலிசு. ரீஎஸ்டாப்ளிஷ்மென்ட் எப்படி ஆட்சிக்கு வந்தது, சாதாரண ஜனங்க ஏன் ஒத்துக்கிட்டாங்க, சாப்பாடு எங்க இருந்து வருது, இதெல்லாம் முதல் புத்தகத்துல கோட்டோவியம்தான். அந்த விஷயத்துல ‘ஹங்கர் கேம்ஸ்’ பல படி மேல. ‘இக்னைட் மீ’ முடிவுல ஆண்டர்சனை வீழ்த்துறதும் அவ்வளவு பெரிய ராணுவத்துக்கு ரொம்பச் சுலபமா முடிஞ்ச மாதிரி இருக்கும்.

பெரிய பிரச்சனை வார்னர். முதல் புத்தகத்துல அவன் பண்றது சித்ரவதை. அப்புறம் அவன் அப்பா அவனைச் சின்ன வயசுல இருந்து எப்படி அடிச்சு வளர்த்தார்னு தெரிய வருது, முதுகுல தழும்பு தெரியுது. மோசமாத் தெரிஞ்ச சில சம்பவங்களுக்கு வேற விளக்கமும் வருது. நமக்கு மனசு இளகுது. ‘அன்ராவல் மீ’யோட 62-ஆவது அத்தியாயம் ரசிகர்கள் மத்தியில அவ்வளவு பிரபலம் ஆனதுக்கும் இதுதான் காரணம். ஆனா ஒருத்தன் ஏன் அப்படி ஆனான்னு புரிஞ்சுக்கிறது வேற, அவன் செஞ்சதைச் சரின்னு சொல்றது வேற. நாவல் இந்த ரெண்டுக்கும் நடுவுல சில இடத்துல வழுக்கிடுது. நிஜ வாழ்க்கையில உங்களைப் பூட்டி வெச்சுட்டு “உன் அருமை எனக்குத்தான் தெரியும்” அப்படின்னு சொல்ற ஆளுக்குப் பின்கதை எவ்வளவு சோகமா இருந்தாலும், முதல்ல கதவைத் திறந்து வெளிய வரணும். ஜூலியட்டும் அதைத்தான் முதல்ல செஞ்சா. ரீல்ஸ் போடுறவங்க அந்தப் பகுதியை விட்டுடுறாங்க.

நாலாவது நாவல் ‘ரிஸ்டோர் மீ’ (2018) இதுக்கெல்லாம் ஒரு வகையில பதில் சொல்லப் பார்க்குது. ஆட்சியைப் பிடிச்சாச்சு, வட அமெரிக்காவோட தலைமை ஜூலியட் கையில. ஆனா ஒரு கண்டத்தை ஆள அவளுக்கு என்ன தெரியும்? தெரியலன்னு அவளுக்கே புரியுது. ஸ்விட்ச் கைக்கு வந்துட்டா மட்டும் போதாது, எதை எரிய விடணும்னும் தெரியணும். புரட்சி முடிஞ்ச மறுநாள் காலையைப் பத்தி எழுதின இளையோர் நாவல்கள் குறைவு, அதுக்காகவே இதைப் படிக்கலாம்.

எந்த வரிசையில படிக்கிறது?

ஷாட்டர் மீ, டெஸ்ட்ராய் மீ, அன்ராவல் மீ, ஃப்ராக்சர் மீ, இக்னைட் மீ. இதோட முதல் சுற்று முடியுது, இங்கேயே நிறுத்தினாலும் கதை முழுசா இருக்கும். தொடரணும்னா ரிஸ்டோர் மீ, ஷேடோ மீ, டிஃபை மீ, ரிவீல் மீ, இமேஜின் மீ, பிலீவ் மீ. குறுநாவல்களைத் தனித்தனியாத் தேட வேணாம். டெஸ்ட்ராய் மீயும் ஃப்ராக்சர் மீயும் ‘யுனைட் மீ’ங்கிற தொகுப்புல இருக்கு, ஷேடோ மீயும் ரிவீல் மீயும் ‘ஃபைண்ட் மீ’ங்கிற தொகுப்புல இருக்கு. 2025-ல வந்த ‘வாட்ச் மீ’ பத்து வருஷத்துக்கு அப்புறம் நடக்குற கதை. முதல் புத்தகத்துல சின்னப் பையனா வர்ற ஆடமோட தம்பி ஜேம்ஸ் அதுல நாயகன்.

இது பிடிச்சுப் போனா அடுத்து அலெக்சாண்ட்ரா பிராக்கன் எழுதின ‘தி டார்க்கஸ்ட் மைண்ட்ஸ்’ (2012) எடுங்க. அங்க ரூபின்னு ஒரு பொண்ணு. தன்னை அறியாமலே பெத்தவங்க மனசுல இருந்து தன்னோட நினைவை அழிச்சிடுறா, ஆறு வருஷம் முகாம்ல கிடக்கிறா. எந்தக் குழந்தை எவ்வளவு ஆபத்துன்னு அரசாங்கமே நிறம் பிரிச்சு வெச்சிருக்கும். இங்க நாம கேட்ட அதே கேள்வி, வேற உலகத்துல.

‘ஷாட்டர் மீ’ கைக்குக் கிடைச்சா ஒரு வேலை பண்ணுங்க. முதல் அம்பது பக்கத்தை வழக்கம் போலப் படிங்க. அப்புறம் முதல் பக்கத்துக்கே திரும்பி, கோடு போட்டு அடிச்ச வரிகளை மட்டும் ஒண்ணு விடாமப் படிங்க. கால் மணி நேரம்கூட ஆகாது. ரெண்டாவது தடவை நீங்க படிச்சதுதான் ஜூலியட் நிஜமா சொல்ல வந்த கதை.